எட்டாவது கை

ஜெயமேரி கவுன்சிலர் ஆனது யாரும் திட்டமிட்டு நடந்த காரியம் அல்ல. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்புவரை அவர் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். கொடியிலிருந்து குலையை அறுத்து, வெம்பிய பழங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்துவிட்டு, நசுங்காமல் டிரேயில் அடுக்குகிற வேலை. கணவர் இமானுவேல் சொந்த ஜீப் ஓட்டினார். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறுவார். சாயங்காலம் இறங்கி வருவார். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம், யாரோடும் வம்பு இல்லை.

எங்கள் பேரூராட்சி காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி டவுன் பஸ் போய்த் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அதில் மேட்டுத்தெரு வார்டுக்கு மட்டும் குடிநீர்க் குழாய் கிடையாது. லாரி வந்தால் தண்ணீர். அந்த வருடக் கோடையில் லாரியும் ஒழுங்காக வரவில்லை. பெண்கள் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். பேச வந்த அதிகாரி, "உங்கள்ல யாராவது ஒருத்தர் பேசுங்கம்மா" என்றார். எல்லோரும் ஜெயமேரியைப் பார்த்தார்கள். அவர் பேசினார். பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, கத்தாமல் பேசினார், அவ்வளவுதான். தேர்தல் வந்தபோது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு பாண்டீஸ்வரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மனுத் தாக்கல் செய்ய வைத்தாள். எந்தக் கட்சியும் இல்லை. தையல் மெஷின் சின்னம். ஜெயித்துவிட்டார்.

ஜெயித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மொத்தம் பதினைந்து வார்டு. உரக்கடை விஜயகுமார் கட்சிக்கு ஏழு, ஈஸ்வரபாண்டி கட்சிக்கு ஏழு. மிச்சம் ஜெயமேரி. மேட்டுத்தெருவுக்குக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று விஜயகுமார் சொன்னார். அதை நம்பி ஜெயமேரி அவருக்கு ஓட்டுப் போட, அவர் பேரூராட்சித் தலைவர் ஆனார். அன்றிலிருந்து ஈஸ்வரபாண்டி ஜெயமேரியைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஆத்தா, குழாய் வந்துருச்சா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

முதல் இரண்டு வருடம் பெரிய தகராறு எதுவும் இல்லை. கூட்டத்தில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்வார்கள், வெளியே வந்ததும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். மூன்றாவது வருடம் கடன் வந்தது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த பழைய தகரக் கொட்டகையை இடித்துவிட்டு, நாற்பது கடைகளும் மாடியில் ஒரு கல்யாண மண்டபமும் கட்ட வேண்டும் என்றார் விஜயகுமார். அதற்கு அரசிடம் மூன்று கோடி ரூபாய் கடன் வாங்கலாம், வாடகை வந்து கடன் தானே அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கடனிலேயே மேட்டுத்தெருக் குழாயையும் சேர்த்திருந்தார். ஜெயமேரியின் ஓட்டு எங்கேயும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சேர்த்தார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஈஸ்வரபாண்டி எழுந்து, "ஊரை அடமானம் வைக்கப் பாக்குறாக" என்றார். அவர் கட்சி தலைமையில் இருந்த காலத்தில் வாங்கிய கடனுக்கே இன்னும் தவணை பிடித்தமாகிக்கொண்டிருந்தது. அரசிலிருந்து வரும் பணம் முழுதாக வராது, தவணை போக மிச்சம்தான் வரும். அந்தக் கடனை அவர்கள் வாங்கியபோது, பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கொடி பிடித்து நின்றவர் விஜயகுமார். அன்றைக்கு அவர் என்ன கத்தினாரோ அதையே இன்றைக்கு ஈஸ்வரபாண்டி கத்தினார். அன்றைக்கு ஈஸ்வரபாண்டி சொன்ன சமாதானத்தை இன்றைக்கு விஜயகுமார் சொன்னார். வாய் மட்டும் மாறியிருந்தது.

மன்றக் கூட்டம் கூட்டமாக இல்லாமல் போனது. தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்ததும் மைக்கைப் பிடுங்குவார்கள். காகிதம் கிழிபடும். ஓட்டெடுப்பு வருமுன் கூச்சலில் கூட்டம் தள்ளிப்போகும். எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற விடுவதில்லை என்று ஈஸ்வரபாண்டி சொல்லிவிட்டார். விஜயகுமாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாதச் செலவுகளையும் கடனையும் ஒரே தீர்மானமாகக் கட்டிக் கொண்டுவந்தார். கடன் வேண்டாம் என்பவன் எல்லாவற்றையும் நிறுத்தின பழியைச் சுமக்கட்டும் என்று. மன்றம் ஒப்புதல் தராத செலவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று செயல் அலுவலர் ஒதுங்கிக்கொண்டார்.

முதலில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாற்ற பல்பு இல்லை. பிறகு ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் நின்றது. குப்பை வண்டி டீசல் இல்லாமல் அலுவலகத்துப் பின்னால் நின்றது. கடைசியில் ஆற்றோரக் கிணற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரன்ட் பில் கட்டாமல், இணைப்பைத் துண்டிக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது.

ஜெயமேரிக்குச் சோறு இறங்காமல் போனது அந்த வாரத்தில்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எந்தக் கட்சியோ என்று பார்ப்பார்.

முதலில் விஜயகுமார் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை. "தங்கச்சி, ஒன் வார்டுக் குழாய் ஒன் கையில இருக்கு. கையத் தூக்கு, மறுநாளே பள்ளம் தோண்ட ஆள் வரும்" என்றார்.

"கரன்ட் பில்லு மட்டும் தனியா வச்சுக் கட்டிரலாமேண்ணே?"

"அது நடக்காது. தனியா வச்சா அவனுக பில்லுக்குக் கையத் தூக்கிட்டுக் கடன விட்டுருவானுக. எனக்கு என்ன மிஞ்சும்?"

இரண்டு நாள் கழித்து ஈஸ்வரபாண்டி வந்தார். அவர் பழம் எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலியில் உட்காராமல் வாசல்படியிலேயே நின்றார். "நீ அங்கிட்டுப் போனா நாங்க ஒண்ணும் செய்யப் போறதில்ல ஆத்தா. ஆனா நாளைக்கு ஊரு கடன்ல மூழ்குனா, யாரால மூழ்குச்சுன்னு பேர் சொல்லுவாகல்ல? அதத்தான் யோசிக்கச் சொல்றேன்." போகும்போது நின்று, நிறுத்தியிருந்த ஜீப்பைப் பார்த்து, "வண்டி நல்லா ஓடுதா?" என்று இமானுவேலைக் கேட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஜீப் ஸ்டாண்டில் இமானுவேலின் வண்டியை வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சங்கத்தில் ஏதோ சந்தா பாக்கி என்றார்கள். பாக்கி எதுவும் இல்லை. யார் சொல்லி எடுத்தார்கள் என்று விசாரித்தால், இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் கை காட்டியது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தை. இமானுவேல் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, அதன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் பழுதில்லாத எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேசாம கூட்டத்தன்னைக்குக் காய்ச்சல்னு படுத்துக்க மேரி" என்றார் அவர். "ஒனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?"

"நான் போகலேன்னா ஏழுக்கு ஏழு. அப்ப தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டாம். கடன் நிறைவேறிரும். படுத்துக்கிட்டாலும் நான் ஓட்டுப் போட்ட மாதிரிதாங்க."

இமானுவேல் துணியைக் கீழே போட்டார். "என்னப்பா இது, ஒடம்பு சரியில்லாமக்கூட இருக்க முடியாதா?"

ஜெயமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் அழுதுவிட்டார்.

உண்மையில் அவருக்கு எந்தப் பக்கம் சரி என்று தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது. குழாய் வேண்டும். அதற்காகத்தான் தேர்தலில் நின்றார். கடைகள் கட்டினால் வாடகை வரும் என்பதும் பொய்யாகத் தோன்றவில்லை. பக்கத்து ஊரில் அப்படிக் கடன் வாங்கிக் கட்டிய கடைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஆனால் நம் ஊரில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற கடைகளிலேயே நாலு பூட்டிக் கிடந்தன. சாமான் வாங்க எல்லோரும் கம்பம் டவுனுக்குத்தான் போகிறார்கள். கடை நிறையாவிட்டால்?

ஒரு மத்தியானம் முனீஸ்வரி வந்தார். மேட்டுத்தெருவைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் இல்லாமல் மூன்றாவது மாதம். உள்ளே வரச் சொன்னதற்கு வராமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, யாரு செயிச்சாலும் எங்களுக்கு ஒண்ணுதான். கடையில கடன் குடுக்க மாட்டேங்கிறாக. எம் மக ஆஸ்டல்ல இருந்து போன் போட்டு, பீஸ் கட்டலேன்னா பரீட்சைக்கு விட மாட்டாகளாம்மான்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்ல?"

"நாளான்னைக்குக் கூட்டம் இருக்கு முனீஸ்வரி."

"போன மாசமும் கூட்டம் இருந்துச்சு." குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெயமேரிக்குத் தாங்கவில்லை.

முனீஸ்வரி போன பிறகு ஜெயமேரி முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு, நேரே விஜயகுமாரின் உரக்கடைக்குப் போனார். கடையில் ஆள் இருந்தது. ஆள் போகும்வரை மூட்டைகளுக்கு நடுவே நின்றார்.

"அண்ணே, சம்பளம், கரன்ட் பில்லு, டீசல் இதையெல்லாம் தனித் தீர்மானமாக்கி முதல்ல வைங்க. கடன அதுக்குப் பொறகு வைங்க. அப்படி வச்சாத்தான் நான் கூட்டத்துல உக்காருவேன். இல்லேன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துருவேன்."

விஜயகுமார் அவரை உற்றுப் பார்த்தார். ராஜினாமா என்றால் இடைத்தேர்தல், இடைத்தேர்தல் என்றால் மேட்டுத்தெரு எந்தப் பக்கம் போகுமோ, கடன் நிறைவேறினாலும் தலைவர் நாற்காலி மிஞ்சுமோ தெரியாது. "சரி, முதல்ல வைக்கிறேன். கடனுக்குக் கையத் தூக்குவல்ல?"

"அத அங்கன வந்து சொல்றேண்ணே."

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஜெயமேரி ஏமாற்ற நினைக்கவில்லை. கடனுக்குக் கை தூக்குவோமா மாட்டோமா என்று அப்போது அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டார். முதல் முறை வேறு யாருக்கோ போய்விட்டது. "அண்ணே, முதல் தீர்மானம் சம்பளமும் கரன்ட் பில்லும்தான் வருது. அதுக்கு உங்க ஆளுக கூச்சல் போட்டு நிறுத்துனாக்க, நான் கடனுக்குக் கையத் தூக்கிருவேன். சொல்லலையேன்னு சொல்லக் கூடாது."

"மெரட்டுறயா ஆத்தா?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"இல்லண்ணே. எனக்குத்தான் பயமா இருக்கு."

கூட்டத்தன்று அலுவலக வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாகக் கூட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் போலீஸ். ஓரத்தில், வேப்ப மரத்தடியில், துப்புரவுத் தொழிலாளர்கள். இமானுவேல் ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார். "இங்கனயே இருக்கேன்" என்றார்.

முதல் தீர்மானத்தைச் செயல் அலுவலர் படித்தார். ஈஸ்வரபாண்டி பக்கத்தில் ஒருவர் எழப் போனார். ஈஸ்வரபாண்டி அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் பதினைந்து கையும் உயர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் முடிந்தது. யாரோ ஜன்னல் வழியாக வெளியே சொல்ல, மரத்தடியில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அடுத்து கடன்.

ஜெயமேரி எழுந்தார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். வாடகை சரியா வரலேன்னா தவணைய எதுல இருந்து எடுப்பாக?"

"வரும் தங்கச்சி. நாற்பது கடை."

"வரலேன்னா?"

"பொது நிதியில இருந்துதான். ஏன், அவங்க வாங்குன கடனுக்கு அதுல இருந்துதான போகுது?" என்றார் விஜயகுமார், எதிர்ப்பக்கம் கை நீட்டி. அங்கிருந்து நாலு குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. செயல் அலுவலர் மேசையைத் தட்டினார்.

"அப்ப குழாய மட்டும் தனியாப் பிரிச்சுத் தாங்க. அதுக்கு நான் எத்தனை கையும் தூக்குறேன்."

விஜயகுமாரின் முகம் மாறியது. எல்லோர் முன்னாலும் தன்னைத் தோற்கடிக்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். "கடன் இல்லேன்னா குழாய் இல்ல. அவ்வளவுதான். ஓட்டெடுப்புக்கு விடுங்க சார்."

கடனுக்கு ஆதரவு: ஏழு கை. ஜெயமேரியின் கை மடியில் இருந்தது. விஜயகுமார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பு: ஏழு கை. ஏழோடு நின்றிருந்தால் தலைவரின் இரண்டாவது ஓட்டில் கடன் நிறைவேறியிருக்கும். ஜெயமேரி தன் தெருவை நினைத்தார். குடங்களை நினைத்தார். எந்த மாதம் பணம் குறைந்தாலும் முதலில் யாருக்குச் சம்பளம் நிற்கும் என்பதை இந்த மூன்று மாதமும் பார்த்தாயிற்று என்று தோன்றியது. கை எழுந்தது. பாதி எழுந்து நின்றது. "தெளிவாத் தூக்குங்கம்மா" என்றார் செயல் அலுவலர். தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குச் சரியாக நினைவில்லை. நாற்காலி ஒன்று விழுந்தது. வெளியே வெடி வெடித்தார்கள். ஈஸ்வரபாண்டி கட்சிக்காரர் ஒருவர் கழுத்தில் துண்டைப் போட வந்தார், அதை விலக்கிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து ஜீப்பில் ஏறினார். "என்ன செஞ்ச?" என்று இமானுவேல் கேட்கவில்லை. வெடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

சம்பளம் நான்காவது நாள் வந்தது. மோட்டார் நிற்கவில்லை. முனீஸ்வரி தன் மகள் பரீட்சை எழுதப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மேட்டுத்தெரு ஜெயமேரியிடம் பேசவில்லை. தண்ணீர் லாரி வந்தபோது அவர் குடத்தோடு போனால், வரிசையில் பேச்சு நின்றுவிடும். பாண்டீஸ்வரி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"குழாய் வாசல்ல வந்து நின்னுச்சுடி. ஒன் ஒரு கையால திருப்பி அனுப்பிட்ட. நானுல்ல ஒன்ன இழுத்துட்டுப் போய் நிக்க வச்சேன்? என்னைய எல்லாரும் கேக்குறாக."

தவணை, பொது நிதி என்று வீட்டில் சொல்லிப் பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. "எனக்கும் வேணும்தான பாண்டி, குழாய்" என்று மட்டும் சொன்னார் ஜெயமேரி.

இரண்டு மாதம் கழித்து ஈஸ்வரபாண்டி மறுபடி வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார், டீயும் குடித்தார். தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள், ஜெயமேரி சேர வேண்டும், சேர்ந்தால் துணைத் தலைவர் பதவி. "நீதான் நம்ம பக்கம் வந்துட்டயே" என்றார்.

"நான் எந்தப் பக்கமும் வரலண்ணே. கடன் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆளு வேண்டாம்னு சொல்லல."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அன்றோடு இரண்டு பக்கமும் ஜெயமேரியை விட்டுவிட்டது. ஸ்டாண்டில் இமானுவேலுக்கு இடம் கிடைக்கவே இல்லை. கடைசியில் அவர் காலையில் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து வேறொருவருடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போக ஆரம்பித்தார். வருமானம் குறைந்தது, டீசல் கூடியது. ஜெயமேரி கூட்டம் இல்லாத நாட்களில் மறுபடியும் திராட்சை வெட்டப் போனார். கவுன்சிலர் வந்து வெட்டுகிறாரே என்று தோட்டக்காரருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

குழாய் வேறு விதமாக வந்தது. தனக்கு எதிராகத் தீர்மானம் வரப் போகிறது, அதில் ஜெயமேரி சேரவில்லை என்று விஜயகுமாருக்குத் தெரிந்ததும், அவர் வீம்பு கொஞ்சம் இறங்கியது. அடுத்த வருடம் பொது நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கி, மேட்டுத்தெருவில் மூன்று சந்துகளில் முதலில் இரண்டுக்குக் குழாய் போடலாம் என்று தீர்மானம் வைத்தார். ஈஸ்வரபாண்டி கட்சியினர் வெளிநடப்பு செய்தார்கள். எட்டுக் கையோடு அது நிறைவேறியது. பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. ஜெயமேரியின் வீடும் பாண்டீஸ்வரியின் வீடும் மூன்றாவது சந்தில் இருக்கின்றன. அங்கே இன்னும் லாரிதான். தன் சந்தை முதலில் போடச் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. அதற்கும் பாண்டீஸ்வரி திட்டினாள். ஆனால் திட்டும் அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டாளே என்று ஜெயமேரிக்கு அன்று கொஞ்சம் சோறு இறங்கியது.

இப்போது தேர்தல் வரப் போகிறது. விஜயகுமார் மறுபடியும் ஒரு கடன் தீர்மானம் அனுப்பியிருக்கிறார். இருபது கடை மட்டும், மண்டபம் இல்லை, கடனும் பாதிக்குக் கீழே. ஈஸ்வரபாண்டி பக்கம் இப்போதே நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டது. முதல் தடவை தான் செய்தது சரிதானா என்பதே ஜெயமேரிக்கு இன்னும் தீரவில்லை. கட்டியிருந்தால் இந்நேரம் வாடகை வந்து, மூன்று சந்துக்கும் குழாய் வந்திருக்குமோ என்று சில நாள் தோன்றுகிறது. முனீஸ்வரி தெருக் கூட்டுவதைப் பார்த்தால், இல்லை, செய்தது சரிதான் என்று தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வார்டுப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். அரை மணி நேரத்தில் அங்கேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கட்டட்டும் என்று ஒரு பக்கம், கட்டினவன் ஓடிவிட்டால் யார் அடைப்பது என்று ஒரு பக்கம். பாண்டீஸ்வரி நடுவில் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த இருபதுல ஒரு கடை நம்ம பொம்பளைகளுக்குக் குடுப்பாகளா? குடுத்தா நான் இட்லிக் கடை போடுவேன்" என்றாள்.

அதை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஜெயமேரியும் யோசித்திருக்கவில்லை. "கேட்டுப் பாக்குறேன்" என்றார். வியாழக்கிழமை கூட்டம்.